எஞ்சின் +1.4 காட்டுகிறது, ஆட்டம் ஏன் டிரா ஆனது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒரு செஸ் போட்டியில், ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலையில், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தும் டிரா செய்துவிட்டான். வீட்டுக்கு வந்து போனில் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினில் (செஸ் கணக்குப் போடும் புரோகிராம்) அந்த நிலையைப் போட்டுப் பார்த்தால் வெள்ளைக்கு +1.4, அதாவது வெள்ளை மேலே, என்று வருகிறது. எவ்வளவு நேரம் விட்டாலும் அதே எண். "ஜெயிக்க வேண்டியதைக் கோட்டை விட்டுட்டேன்" என்று இரண்டு நாளாகப் பையன் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் எங்கே தவறினான்? இந்த மாதிரி நிலைகளை எஞ்சின் எப்படித்தான் கணக்குப் போடுகிறது?

முதலில் பையனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: அவன் எதையும் கோட்டை விடவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் எல்லாச் சிப்பாய்களும் எதிர்ச் சிப்பாய்களோடு முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளை ராஜா உள்ளே நுழைய ஒரே வாசல்தான். அந்த வாசலைக் கறுப்பு ராஜா பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டில் மாறி மாறி நின்றே காத்துவிடும். வெள்ளைக்கு உலகச் சாம்பியன் உட்கார்ந்திருந்தாலும் அது டிராதான்.

அப்படியானால் அந்த +1.4? அதைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்கு உள்ளே கொஞ்சம் போக வேண்டும். அடிப்படை ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிப் பகுதியில், அதாவது ராஜா–சிப்பாய் எண்ட்கேமில், உண்மையில் இரண்டே விடைதான் உண்டு: வெற்றி, அல்லது டிரா. 'கொஞ்சம் நல்ல நிலை' என்று ஒன்று அங்கே கிடையாது. எஞ்சின் பாதியான ஒரு எண்ணைக் காட்டினால், கணக்கு இன்னும் முடியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

நான் பாம்பனில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது பெரியவர்களும் வந்து உட்காருவார்கள். வலை பழுது பார்க்கும் கொட்டகையில் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பலகை. ஒருநாள் அங்கே நான் வைத்த நிலையை நீங்களும் பலகையில் அடுக்கிப் பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). வெள்ளை: ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு: ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை ஆட வேண்டும்.

இது லாஸ்கரும் ரைக்ஹெல்மும் 1901ல் ஆராய்ந்த நிலை. ரூபன் ஃபைன் 1941ல் வெளியிட்ட எண்ட்கேம் நூலில் 70ஆம் எண்ணாக வந்ததால், செஸ் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதை 'ஃபைன் 70' என்றே சொல்வார்கள். எந்தச் சிப்பாயும் நகர முடியாது. ராஜாக்கள் மட்டும்தான் நடக்க வேண்டும். வெள்ளைக்கு இரண்டு வாசல்: ஒன்று சி4 வழியாக பி5, மற்றொன்று ஹெச்4 வழியாக ஜி5.

சுற்றி நின்றவர்களில் ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்), முப்பது வருஷம் கடலில் போய் வந்தவர், சட்டென்று ராஜாவை பி2க்கு நகர்த்தினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், முன்னால் போவதுதானே இயல்பு. கறுப்புப் பக்கம் நான் ராஜாவை ஏ8க்கு ஒதுக்கினேன். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தும் உள்ளே வர முடியவில்லை. ஜெயிக்கிற ஒரே நகர்வு பி1. முன்னேறாமல், அடிவரிசையிலேயே ஒரு கட்டம் பக்கவாட்டில்.

காரணத்தைப் பாருங்கள். வெள்ளை சி4ல் வந்து நிற்கும்போது கறுப்பு பி6ல் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் வெள்ளை பி5க்குள் போய்விடும். ஏ6ல் நின்றாலும் பி5க்குக் காவல்தான், ஆனால் அங்கிருந்து ஜி5 பக்கம் ஓட நேரம் போதாது. வெள்ளை டி3ல் இருந்தால் கறுப்பு சி7ல் இருக்க வேண்டும். அங்கிருந்துதான் இரண்டு பக்கமும் ஓட முடியும். வெள்ளை சி3 என்றால் கறுப்பு பி7. இப்படி ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்துக்கும் ஒரு ஜோடிக் கட்டம் உண்டு. பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால், பி1க்கு ஜோடி ஏ7 என்று வரும். கறுப்பு ஏற்கெனவே ஏ7ல்தான் இருக்கிறது. ஆனால் ஆட வேண்டிய முறை அதனுடையது, அங்கேயே நிற்க முடியாது, விலகியாக வேண்டும். அவ்வளவுதான், கதை முடிந்தது. பி7க்கு வந்தால் வெள்ளை சி1, சி7க்கு வந்தால் வெள்ளை டி1 என்று ஒவ்வொரு அடியிலும் கறுப்பை ஜோடிக் கட்டத்திலிருந்து தள்ளிக்கொண்டே போகும்.

இதை எஞ்சின் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்கு ஜோடிக் கட்டம் என்ற எண்ணமே கிடையாது. அது செய்வது: நான் இப்படி, நீ அப்படி, நான் இப்படி என்று மரம் போலக் கிளை விரித்துக்கொண்டு போவது. ஒவ்வொரு ராஜாவுக்கும் சராசரியாக 5 வழி என்று வையுங்கள். பக்கத்துக்குப் பத்து நகர்வு, மொத்தம் 20 அடி பார்க்க 5ஐ 20 முறை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 95 லட்சம் கோடி. எந்தப் போனும் தாங்காது.

ஆனால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 64 கட்டத்தில் 7 சிப்பாய் நகராமல் நிற்கிறது, மிச்சம் 57 கட்டம். இரண்டு ராஜாக்களும் அதில் எப்படி நின்றாலும், யார் ஆடும் முறை என்பதையும் சேர்த்து, 57 × 56 × 2 = 6,384. பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது போன்ற விதிகளைக் கழித்தால் இன்னும் குறையும். சிப்பாய் வெட்டப்படும் வரை இந்தப் பலகையில் நடக்கக்கூடியது இவ்வளவுதான். அந்த 95 லட்சம் கோடிக் கிளையும் இந்தச் சில ஆயிரம் நிலைகளுக்குள்தான் திரும்பத் திரும்ப வந்து போகிறது.

அதனால் எஞ்சின் ஒரு நினைவுப் பெட்டி வைத்துக்கொள்கிறது. ஒருமுறை பார்த்த நிலையை, எத்தனை அடி ஆழம் பார்த்தோம், என்ன விடை வந்தது என்பதோடு எழுதி வைத்துவிடும். வேறு வழியாக அதே நிலைக்கு வந்தால் மறுபடி கணக்குப் போடாது, எடுத்துப் படித்துக்கொள்ளும். நிலையை எப்படி அடையாளம் வைப்பது? ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் 1970ல் சொன்ன வழிதான் இன்றுவரை. ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும், 12 வகைக் காய் × 64 கட்டம் = 768, ஆளுக்கொரு தற்செயல் எண் முதலிலேயே குறித்துவிட வேண்டும். பலகையில் இருக்கும் காய்களின் எண்களையெல்லாம் பிட் பிட்டாக ஒன்றோடு ஒன்று கலந்தால் ஒரு பெரிய எண் வரும். அதுதான் அந்த நிலையின் டோக்கன். ராஜா ஒரு கட்டம் நகர்ந்தால் பழைய கட்டத்தின் எண்ணை எடுத்து, புதிய கட்டத்தின் எண்ணைச் சேர்த்தால் போதும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அந்த எளிமை. ஒரு காகிதத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் போட்டுக் காட்டிவிடலாம்.

மன்ரோ நியூபார்ன் 1970களில் ராஜா–சிப்பாய் எண்ட்கேமுக்கென்றே பெசன்ட் என்று ஒரு புரோகிராம் எழுதினார். ஃபைன் 70 அதற்கு எட்டவே இல்லை. அதே காலத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லேட்டும் ஆட்கினும் எழுதிய செஸ் புரோகிராம் இந்த நினைவுப் பெட்டியை வைத்துத்தான் இந்த மாதிரி நிலைகளில் வெகு ஆழம் போனது. அன்றிலிருந்து, புதிதாக எஞ்சின் எழுதுகிற பலரும் தங்கள் நினைவுப் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த நிலையைத்தான் முதலில் போடுவார்கள். பி1 சட்டென்று வந்தால் சரி. வரவில்லை என்றால் புரோகிராமில் எங்கோ கோளாறு.

இப்போது உங்கள் மகனின் நிலைக்கு வருவோம். அதே ஃபைன் 70ல் ஹெச்4ல் ஒரு வெள்ளைச் சிப்பாயும் ஹெச்5ல் ஒரு கறுப்புச் சிப்பாயும் கூடுதலாக வையுங்கள். மகனின் படமும் கிட்டத்தட்ட இதுதான். ஜி5க்குப் போகும் வழி அடைந்துவிட்டது: ஹெச்4ல் சொந்தச் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது, ஜி4ஐ இரண்டு கறுப்புச் சிப்பாய்கள் காக்கின்றன. மிச்சம் பி5 ஒன்றுதான். வெள்ளை சி4ல் வந்து நின்றால் கறுப்பு பி6, ஏ6, பி6, ஏ6 என்று போய் வந்துகொண்டே இருக்கலாம். மறுபக்கம் ஓட வேண்டிய கவலை இல்லாததால் ஏ6ம் நல்ல கட்டம் ஆகிவிட்டது. நமக்கு ஒரு பார்வையில் தெரிகிறது.

எஞ்சினுக்கு ஏன் தெரியவில்லை? ஒரே நிலை திரும்ப வந்தால் டிரா என்று அதற்குத் தெரியும். ஆனால் வெள்ளை தனக்கு ஒரு சிப்பாய் அதிகம், நாம்தான் மேலே என்று நினைப்பதால், திரும்ப வராத மாதிரி வேறு வேறு கட்டமாகப் பார்த்து நடக்கும். சுற்றி நடக்க நிறைய இடம் இருக்கிறது. சிப்பாய் நகராமல், வெட்டு இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா என்ற விதியும் அதற்குத் தெரியும். ஆனால் அதை மரத்துக்குள் பார்க்க 100 அடி ஆழம் வேண்டும். 30 அடியோ 40 அடியோ போய் நின்ற இடத்தில், ராஜாக்கள் எங்கோ நிற்க, வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம். அதற்கு ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்தான் மேலே ஏறி வந்து உங்கள் போனில் +1.4 ஆகிறது. தொடுவானத்துக்கு அப்பால் இருப்பது தெரியாது என்பதால் ஹான்ஸ் பெர்லினர் இதற்குத் தொடுவான விளைவு என்றே பெயர் வைத்தார்.

அந்த எண்ணும் நாம் நினைக்கிற எண் அல்ல. +1.4 என்றால் ஒன்றரைச் சிப்பாய்க்குக் கொஞ்சம் குறைவு என்றுதான் பலரும் இன்னும் படிக்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், எஞ்சின் தனக்குத்தானே ஆடும் ஆட்டங்களில் 50 சதவீதம் ஜெயிக்கக்கூடிய நிலைக்கு +1 என்று அளவை மாற்றிவிட்டார்கள். நிலையை மதிப்பிடுவதும் 2020ல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஒரு சிறிய நரம்பு வலையமைப்பின் (ஏராளமான நிலைகளைப் பார்த்துப் பழகிய கணக்கு முறை) வேலை. அது பழகியது சாதாரண ஆட்டங்களில். இப்படி முழுச்சுவர் வைத்த நிலைகள் அதில் அபூர்வம்.

இன்னொரு பிரச்சினை இருக்கிறது, அது எனக்கு ஆர்வமான இடம். எஞ்சின்கள் வேகத்துக்காக ஒரு தந்திரம் செய்கின்றன: 'நான் ஆடாமல் என் முறையை விட்டுக்கொடுத்தால்கூட என் நிலை நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியானால் இந்தக் கிளையை மேலே பார்க்க வேண்டாம்' என்று வெட்டிவிடும். நடு ஆட்டத்தில் இது அருமையாக வேலை செய்யும். ராஜா–சிப்பாய் எண்ட்கேமில் இதுவே குழியில் தள்ளிவிடும். காற்று சரியில்லை என்றால் படகு நங்கூரம் போட்டுக் கிடக்கலாம், செஸ்ஸில் அந்த வசதி கிடையாது. முறை வந்தால் நகர்த்தியே ஆக வேண்டும். வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா டி4, சிப்பாய் இ5. யார் முறையோ அவர் தோற்றார். இருவருமே சும்மா நின்றால் ஒன்றும் ஆகாது, ஆனால் நிற்க முடியாது. இதற்கு ஜெர்மன் மொழியிலிருந்து வந்த பெயர் சுக்ஸ்வாங். அதனால் ஆடும் பக்கத்தில் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால், நல்ல எஞ்சின்கள் இந்தத் தந்திரத்தை நிறுத்திவிடுகின்றன.

அதேபோல, பட்டியலில் பின்னால் வரும் அமைதியான நகர்வுகளைக் குறைந்த ஆழத்துக்கே பார்ப்பதும் உண்டு. ஃபைன் 70ல் பி1 மாதிரிப் பின்வரிசை நகர்வு அந்தப் பட்டியலில் எங்கே நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? சம்மாட்டியின் கை பி2க்குப் போன மாதிரியே எஞ்சினும் முதலில் முன்னேறுகிற நகர்வைத்தான் பார்க்கக்கூடும். வித்தியாசம், எஞ்சின் திரும்பி வந்து இன்னும் ஆழமாகப் பார்க்கும்.

மனிதர்களுக்குக் கஷ்டமானது எஞ்சினுக்கு லேசாக இருப்பதும் உண்டு. ரிச்சர்ட் ரெட்டி 1921ல் வெளியிட்ட நிலை: வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. கறுப்புச் சிப்பாயைப் பிடிக்க வெள்ளை ராஜா இரண்டு அடி பின்னால், தன் சிப்பாயைக் காப்பாற்றவும் எட்டாத தூரம். தோல்வி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் ஜி7, எஃப்6, இ5 என்று குறுக்கே நடந்தால் ஒரே நடையில் இரண்டு பக்கமும் நெருங்கி டிரா ஆகிவிடும். நமக்கு மந்திரம் மாதிரி இருக்கிறது. எஞ்சினுக்கு இது கண் இமைக்கும் நேரத்து வேலை, ஏனென்றால் பத்துப் பதினைந்து அடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆக, எஞ்சினுக்குக் கஷ்டம் என்பது அழகிலோ நுட்பத்திலோ இல்லை, முடிவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில்தான்.

அப்புறம் டேபிள்பேஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது கணக்குப் போடுவதே இல்லை. முடிந்த நிலைகளிலிருந்து பின்னோக்கி நடந்து, எல்லா நிலைகளுக்கும் விடையை முன்பே எழுதி வைத்த ஏடு. கென் தாம்சன் 1970களில் ராணிக்கு எதிராக யானை என்ற எண்ட்கேமை இப்படிச் செய்து காட்டினார். ராஜா, ஒரு சிப்பாய், எதிரே தனி ராஜா என்றால், இடம் வலம் சமம் என்பதால் சிப்பாய்க்கு 24 கட்டம், ராஜாக்களுக்கு 64 × 64, இரண்டு முறை: 1,96,608 நிலைகள். வெற்றியா இல்லையா என்று ஒரே பிட் போதும், மொத்தம் 24 கேபி. ஒரு சின்னப் படத்தைவிடக் குறைவு. காய் ஏற ஏறத்தான் மலைக்க வைக்கும். ரொனால்ட் டி மான் 2013ல் தந்த சிசிஜி (Syzygy) என்ற டேபிள்பேஸ் முறையில், ராஜாக்களையும் சேர்த்து 5 காய் வரை 1 ஜிபிக்குள் அடங்கும். 6 காய் சுமார் 150 ஜிபி. 2018ல் முடிந்த 7 காய் 17 டெராபைட்டைத் தாண்டும். சிப்பாய் மட்டும் இருக்கும் நிலைக்கு ஏன் இவ்வளவு? சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனால் ராணி, யானை, பிஷப், குதிரை எதுவாகவும் ஆகலாம், அத்தனைக்கும் ஏடு முதலில் தயாராக இருந்தால்தான் சிப்பாய் ஏட்டை எழுத முடியும்.

லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் பகுப்பாய்வுப் பலகையில் 7 காய்க்குள் வந்துவிட்டால் இந்த ஏட்டின் விடை இலவசமாகவே தெரியும். ஃபைன் 70ல் 9 காய், மகனின் நிலையில் 11. அங்கே ஏடு கிடையாது, எஞ்சினின் எண்ணும் நம் கண்ணும்தான்.

எஞ்சின் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை நாங்கள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். டிங் யானையை எஃப்2ல் வைத்ததும் எஞ்சினின் எண் அப்படியே குப்புற விழுந்தது. யானைகள் வெட்டுப்பட்டு, குகேஷ் பிஷப்பை டி5ல் வைத்து அதையும் மாற்றிக்கொள்ள, இரண்டு சிப்பாய்க்கு எதிராக ஒரு சிப்பாய். சுத்தமான ராஜா–சிப்பாய் எண்ட்கேம், அதில் உலகப் பட்டம். அங்கே முடிவு பக்கத்திலேயே இருந்தது, எஞ்சினுக்கு ஒரு நொடி போதும். ஆக, மற்றக் காய்களை மாற்றிக்கொண்டு சிப்பாய் எண்ட்கேமுக்குள் போகலாமா என்று கேட்டால் எஞ்சின் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். சுவர் வைத்த நிலையில் கேட்டால்தான் தடுமாறும்.

எஞ்சினைப் பையன் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். எண்ணைப் பார்க்காமல் எண் எப்படி நகர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான வெற்றி என்றால் ஆழம் கூடக் கூட எண் ஏறும்: 1.4, 2.3, 5, அப்புறம் ராணி வந்துவிட்டது தெரியும். 20 அடியிலும் 1.4, 40 அடியிலும் 1.4 என்று நின்றால், எஞ்சினுக்கு வழி தெரியாமல் சுற்றி நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு பக்கத்தையும் எஞ்சினே ஆட விட்டுவிடுங்கள். 50 நகர்வு எண்ணிக்கை ஏற ஏற எண் சுருங்கிச் சைபருக்கு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பையனே உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது.

இந்த வாரம் போனை எடுத்து வைத்துவிட்டு, ஃபைன் 70ஐ ஹெச் சிப்பாய்கள் இல்லாமல் ஒருமுறை, அவற்றோடு ஒருமுறை என்று அவனோடு ஆடுங்கள். கறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பி2க்குப் போனால் நீங்கள் ஏ8. ஹெச் சிப்பாய்கள் இருந்தால் பி5ஐ மட்டும் பார்த்துக்கொண்டு பி6, ஏ6. சனிக்கிழமை மாலை பாம்பன் பக்கம் வர முடிந்தால் கூட்டி வாருங்கள், இங்கே சொன்னவை போக மற்ற ஜோடிக் கட்டங்களைச் சாக்பீஸால் பலகையிலேயே குறித்துத் தருகிறேன்.